கணினி ப்ராசசருக்கான குறைந்த விலை டவர் கூலர்: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும் மதிப்பிடும் முறை

"புதுக் கூலர் மாட்டிய பிறகு ப்ராசசர் 72 டிகிரியில் ஓடுகிறது, இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்பவர் இன்னும் மூன்று விவரங்களைச் சொல்லும்வரை அவருக்கு விடை சொல்ல இயலாது. அந்த 72 டிகிரி வந்தபோது ப்ராசசர் எத்தனை வாட் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது, அறையின் வெப்பம் எவ்வளவு, கூலரின் ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழன்றது என்பவையே அந்த மூன்று. மார்கழி இரவில், 25 டிகிரி அறையில், வெறும் 60 வாட்டுக்கு 72 டிகிரி வந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது. சித்திரை மாதப் பிற்பகலில், 36 டிகிரி அறையில், 120 வாட்டுக்கு அதே 72 வந்தால் அந்தக் கூலரை விற்றவருக்கு நன்றி சொல்லலாம். இணையத்தில் கிடைக்கும் மதிப்பீடுகளில் பல, 20 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ந்த அறைகளில் செய்யப்பட்டவை. அந்த எண்களை நம்மூர் வீட்டுக்கு அப்படியே எடுத்துவந்து ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தக் கட்டுரை, முதன்முறையாகக் கூலர் வாங்குகிறவர் தன் கணினியிலேயே அதை எப்படி எடைபோடுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறது. நான் மனத்தில் வைத்து எழுதுவது 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றும் ஹீட் பைப் நான்கும் கொண்ட ஒற்றைக் கோபுர வகையை. கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 வரிசை பரவலாக்கிய வடிவம் இது. இன்று டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 போன்றவை அதே இடத்தில் நிற்கின்றன. இரட்டைக் கோபுரம் கொண்ட பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ போன்றவையும் இப்போது விலையில் இவற்றை நெருங்கிவிட்டதால், இங்கே சொல்லும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது

கூலரின் அடிப்பகுதி ப்ராசசரின் உலோக மூடியின் மேல் அமர்கிறது. அங்கிருந்து செப்புக் குழாய்கள் இருபுறமும் மேல்நோக்கி வளைந்து, மெல்லிய அலுமினியத் தகடுகளின் அடுக்கை ஊடுருவி நிற்கின்றன. இந்த ஹீட் பைப்புகள் வெறும் செப்புக் கம்பிகள் அல்ல. காற்று நீக்கி மூடப்பட்ட ஒவ்வொரு குழாய்க்குள்ளும் சிறிதளவு நீர் இருக்கிறது. உள்ளே அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால் அது 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு விரைந்து, வெப்பத்தைத் தகடுகளிடம் ஒப்படைத்து, மறுபடியும் நீராகி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலக் குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாக அடிப்பகுதிக்குத் திரும்புகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் செய்துகாட்டிய இந்த ஏற்பாடுதான் இன்று இரண்டாயிரம் ரூபாய்க் கூலருக்குள்ளும் இருக்கிறது.

ஆக, வெப்பம் கடக்க வேண்டிய வழி ஒரு சங்கிலி போன்றது: சிலிக்கான், அதன் மேல் மூடி, மூடிக்கும் கூலருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் எனும் பசை, கூலரின் அடிப்பகுதி, ஹீட் பைப், தகடு, காற்று. ஒவ்வொரு கண்ணியும் தன் பங்குக்குச் சில டிகிரிகளைக் கூட்டுகிறது. பின்னால் நாம் செய்யப்போகும் அளவீடுகள் அனைத்தும் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நம்மை இழுத்துப்பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே.

முதற்படி: ப்ராசசர் எத்தனை வாட் இழுக்கும் என்று தெரிந்துகொள்வது

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி எனும் வெப்ப வடிவமைப்பு எண்ணை மின்சாரச் செலவு என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இன்டெல் ஐ5-12400இன் அடிப்படை அளவு 65 வாட். ஆனால் வேகத்தைக் கூட்டி ஓடும்போது, அதாவது டர்போவில், அதன் உச்ச அளவு 117 வாட். ஐ5-13400இல் இதே 65, உச்சத்தில் 148 ஆகிறது. ஐ7-14700கே வரை போனால் 253 வாட். ஏஎம்டியில் பிபிடி என்ற எல்லைதான் மதர்போர்டில் ப்ராசசர் அமரும் சாக்கெட் வழியே உண்மையில் போகக்கூடிய உச்ச அளவைச் சொல்கிறது. ரைசன் 5 7600இன் டிடிபி 65 வாட், பிபிடி 88 வாட். ரைசன் 7 7700எக்ஸுக்கு இவை முறையே 105, 142. ரைசன் 9 7950எக்ஸுக்கு 170, 230.

டிடிபி என்பது எப்படிப் பிறந்த எண் என்று பார்த்தால் அதன் எல்லை புரியும். ரைசன் 7 2700எக்ஸுக்கு ஏஎம்டி காட்டிய கணக்கில், மூடியின் வெப்பம் 61.8 டிகிரி, கூலருக்குள் நுழையும் காற்று 42 டிகிரி, கூலரின் வெப்பத் தடை வாட்டுக்கு 0.189 டிகிரி என்று கொள்ளப்பட்டது. வேறுபாடான 19.8ஐ 0.189ஆல் வகுத்தால் 105 வாட் வருகிறது. அது எவ்வளவு திறன் கொண்ட கூலர் தேவை என்று சொல்லும் எண்ணே தவிர, மின் மீட்டர் காட்டும் எண் அல்ல. கூலர் தயாரிப்பாளர்கள் தம் பொருளின் மேல் போடும் "220 வாட் தாங்கும்" என்பது போன்ற வாசகங்களுக்கோ எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் 220ஐ இன்னொரு நிறுவனத்தின் 180உடன் ஒப்பிட்டு முடிவெடுப்பது வீண்வேலை.

என் கணிப்பு இது: உச்சத்தில் 120 வாட் வரை இழுக்கும் ப்ராசசர்களுக்கு நான்கு குழாய் ஒற்றைக் கோபுரம் தாராளம், 150 வாட் வரை போதுமானது, ஆனால் சத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், 200 வாட்டைத் தாண்டுகிற ப்ராசசர்களை வாங்கிவிட்டு இந்த வகைக் கூலரைக் குறை சொல்வது, ஸ்கூட்டரில் நெல் மூட்டை ஏற்றிவிட்டு எஞ்சினைத் திட்டுவதற்குச் சமம்.

இரண்டாம் படி: பொருந்துமா என்று அளந்து பார்ப்பது

கேபினட்டின் விவரக்குறிப்பில் கூலருக்கு அனுமதிக்கப்பட்ட உயரம் என்று ஒரு வரி இருக்கும். ஏகே400இன் உயரம் 155 மில்லிமீட்டர், ஹைப்பர் 212 ஈவோவின் உயரம் 159, அசாசின் எக்ஸ் 120 எஸ்ஈயின் உயரம் 148. உங்கள் கேபினட் 150 என்று சொன்னால் முதல் இரண்டும் பக்கவாட்டுக் கண்ணாடியில் இடிக்கும். அந்த வரி கிடைக்காவிட்டால், மதர்போர்டில் உள்ள ப்ராசசர் மூடியின் மேற்பரப்பிலிருந்து பக்கவாட்டுக் கதவின் உட்புறம் வரை அளவுகோலால் அளந்து, அதிலிருந்து சில மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரேம். கூலரின் முன்புறம் மாட்டும் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபேன், ப்ராசசருக்கு மிக அருகிலுள்ள ரேம் துளையின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கலாம். நான்கு துளைகள் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடும்போது வழக்கமாக இரண்டாவதும் நான்காவதும் பயன்படுவதால், அருகிலுள்ள துளை காலியாகவே இருக்கும், இடைஞ்சல் குறைவு. விளக்கு வைத்த உயரமான ரேம் என்றால் ஃபேனைச் சற்று மேலே தூக்கி மாட்ட நேரிடும், அப்போது மொத்த உயரமும் அந்த அளவுக்குக் கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாக்கெட் விஷயத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டில் கூலரைத் திருகும் துளைகளுக்கு இடையிலான தூரம் 78 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய எல்ஜிஏ1200இல் அது 75. ஆகவே பழைய கையிருப்பிலிருந்து வரும் கூலரில் 1700க்கான சட்டம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது அவசியம். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் பின்புறத் தகடு சாக்கெட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அதைக் கழற்றிவிட்டு வேறு தகடு வைக்க இயலாது. தன் சொந்தப் பின்தகட்டையே நம்பியிருக்கும் பழைய ஏஎம்4 கூலர்கள் இங்கே அமராது, போர்டின் தகட்டையே பயன்படுத்துபவை அமரும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பெட்டியின் மேல் உள்ள சாக்கெட் பட்டியலைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

மூன்றாம் படி: பழைய கூலரைக் கழற்றும் முன் அளந்து வைப்பது

பெரும்பாலோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். ரைசன் 5 7600உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் போன்ற பெட்டிக் கூலர் உங்களிடம் இருந்தால், அதை வைத்து ஒருமுறை முழு அளவீட்டையும் செய்து எழுதி வையுங்கள். புதுக் கூலர் எவ்வளவு நல்லது என்பதற்கு, அதே கேபினட்டில், அதே ப்ராசசரில், அதே அறையில் எடுத்த பழைய எண்களை விட நம்பகமான ஒப்பீடு வேறில்லை. அளவீட்டு முறையை ஐந்தாம் படியில் சொல்லியிருக்கிறேன். பழையதற்கும் புதியதற்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்ப்பதும் மாட்டுவதும்

பெட்டியைத் திறந்ததும் தகடுகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அவை சவர பிளேடுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பார்க்க வேண்டியது அடிப்பகுதியை. விலை குறைந்த கூலர்கள் பலவற்றில் ஹீட் பைப்புகளையே தட்டையாக்கி ப்ராசசரின் மேல் நேரடியாகப் படும்படி செய்திருப்பார்கள். வேறு சிலவற்றில் குழாய்களுக்குக் கீழே நிக்கல் பூசிய தனித் தகடு இருக்கும். நேரடித் தொடு வகையில் குழாய்களுக்கு இடையே பள்ளங்கள் இருக்கும் என்பதால் அவற்றை நிரப்பக் கொஞ்சம் கூடுதல் பேஸ்ட் தேவைப்படும். எஃகு அளவுகோலின் ஓரத்தை அடிப்பகுதியின் மேல் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் கவலையில்லை. நடுவில் தெளிவான குழி தெரிந்தால் மாட்டுவதற்கு முன்பே திருப்பிக் கொடுப்பது நல்லது. தகடுகளைச் சிறிது அசைத்துப் பார்க்கும்போது குழாயின் மேல் அவை தளர்ந்து ஆடினால் அதுவும் மோசமான அறிகுறி, ஏனென்றால் வெப்பம் கடக்க வேண்டிய இடத்தில் காற்றிடைவெளி இருக்கிறது என்று பொருள்.

பழைய கூலரைக் கழற்றுவதற்கு முன் கணினியைச் சில நிமிடங்கள் வேலை வாங்கிச் சூடாக்கிவிட்டு, பிறகு அணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். சூட்டில் பேஸ்ட் இளகியிருக்கும். ஏஎம்4 போர்டில் கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்து ஊசிகள் வளையக்கூடும். இடமும் வலமும் மெல்லத் திருகிய பின்னரே தூக்க வேண்டும். அதே ஏஎம்4இல் பிளாஸ்டிக் சட்டங்களைக் கழற்றும்போது பின்தகடு கழன்று விழும் என்பதால், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வது நல்லது. பிறகு ப்ராசசரின் மேல் உள்ள பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் இழை உதிராத துணியும் கொண்டு துடைத்தெடுங்கள்.

புதுப் பேஸ்ட்டை நடுவில் பட்டாணி அளவும், நான்கு மூலைகளை நோக்கிச் சிறு புள்ளிகளுமாக வைத்தால் போதும். ஏஎம்5 ப்ராசசரின் மூடியில் ஓரங்கள் வெட்டப்பட்டு, அந்த வெட்டுகளில் நுண்ணிய பாகங்கள் தெரிவதால், அளவுக்கு மீறி வைத்தால் அங்கே வழிந்து அசிங்கமாகும். மின்சாரத்தைக் கடத்தாத வகைப் பேஸ்ட் என்றால் ஆபத்தில்லை, துடைப்பதுதான் தொல்லை. அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உரித்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். படலத்தோடு மாட்டிவிட்டுக் கூலரைப் பழிப்பவர்கள் உண்டு. ஒருமுறை நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து அரை நாளைத் தொலைத்தேன். திருகுகளை ஒரு பக்கம் முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், இரண்டையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக, தாமாக நிற்கும்வரை முறுக்க வேண்டும்.

ஃபேனின் திசை: சட்டத்தின் குறுக்குத் தாங்கிகள் தெரியும் பக்கம் வழியாகத்தான் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் தகடுகளைப் பார்த்திருக்க, காற்று கேபினட்டின் பின்புற ஃபேனை நோக்கிச் செல்ல வேண்டும். இணைப்பை மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நான்கு முனை இடத்திலேயே கொடுங்கள்.

ஐந்தாம் படி: அளப்பது

தேவையானவை ஒரு மலிவான டிஜிட்டல் வெப்பமானி, ஒரு குறிப்பேடு, இரண்டு மென்பொருள்கள். விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ அளவைக் காட்ட, சினிபெஞ்ச் அல்லது ப்ரைம்95 வேலை கொடுக்கும். லினக்ஸில் சென்சார்ஸ், ஸ்ட்ரெஸ்-என்ஜி ஆகிய கட்டளைகள் அந்த வேலையைச் செய்யும்.

முதலில் வாட்டை நிலைநிறுத்துங்கள். பல மதர்போர்டுகள் இன்டெலின் மின் எல்லைகளைத் தம் விருப்பப்படி தளர்த்தி வைத்திருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் நுழைந்து, நீண்ட நேரத்துக்கும் குறுகிய நேரத்துக்குமான இரு எல்லைகளையும் ஒரே எண்ணுக்கு, உதாரணமாக ஐ5-12400 என்றால் 117க்கு, மாற்றி வைக்கலாம். ஆனால் எல்லை என்பது மேற்கூரைதான். ப்ராசசர் அதற்குக் கீழேயே நின்றுவிடவும் கூடும் என்பதால், எழுத வேண்டியது நீங்கள் வைத்த எண்ணை அல்ல, ஓட்டத்தின்போது மென்பொருள் காட்டும் வாட்டை. ஏஎம்டியில் பிபிஓ எனும் வேகக்கூட்டலை அணைத்துவிட வேண்டும். இதில் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைகளுக்குத் தனிக் கவனம் தேவை. 7700எக்ஸ் போன்றவை 95 டிகிரி வரை ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. குளிர்ச்சியில் இடம் கிடைத்தால் அதை உடனே வேகமாக மாற்றிக்கொள்ளும். ஆகவே நல்ல கூலருக்கு மாறினாலும் வெப்பம் 95ஐ ஒட்டியே நின்று, கூடியிருப்பது வாட்டும் கடிகார வேகமும்தான் என்று ஆகலாம். அதைப் பார்த்து "கூலர் மாற்றியும் ஒரு டிகிரி கூடக் குறையவில்லை" என்று வருந்துவது பொருளற்றது. பயாஸில் மின்சிக்கனத்துக்கான ஈகோ முறையில் 65 வாட் வகுப்புக்கு இறக்கினால் எல்லை 88 வாட்டில் நிற்கும். கூலர்களை ஒப்பிட அதுவே வசதி.

அடுத்து ஃபேன். தானியங்கி வளைவில் விட்டால் வெப்பத்துக்கேற்ப வேகம் மாறிக்கொண்டே இருக்கும், எதையும் ஒப்பிட முடியாது. பயாஸின் ஃபேன் வளைவில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே சதவீதத்தில் வைத்து நேர்கோடாக்கிவிடுங்கள். மூன்று ஓட்டங்கள் போதும்: நிமிடத்துக்கு 1000 சுற்றை ஒட்டி ஒன்று, 1300ஐ ஒட்டி ஒன்று, முழு வேகத்தில் ஒன்று. ஏகே400 என்றால் முழு வேகம் 1850 சுற்று.

வெப்பமானியைக் கேபினட்டுக்குக் காற்று நுழையும் முன்பக்கத்தில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்னால் வைத்தால் வெளியேறும் சூட்டை அளப்பீர்கள். சுவரில் மாட்டினால் சுவரை அளப்பீர்கள். ஏசி ஓடும் அறையில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதால் அறை வெப்பம் ஏறி இறங்கும் என்பதால், முடிந்தால் ஏசி இல்லாமல், அறை சீரான நேரத்தில் செய்யுங்கள். வேலையைத் தொடங்கி இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும். தகடுகள் சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும்; கேபினட்டுக்குள் இருக்கும் காற்று நிலைபெறத்தான் நேரமாகும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். கடைசி ஐந்து நிமிடங்களின் சராசரியை எழுதுங்கள், உச்ச எண்ணை அல்ல. உச்சம் என்பது ஒரு நொடித் துள்ளலாக இருக்கக்கூடும். பார்க்க வேண்டிய வரிகள் ஏஎம்டியில் டிசிடிஎல்/டிடை வெப்பமும் சிபியு பிபிடி வாட்டும். இன்டெலில் சிபியு பேக்கேஜ் வெப்பமும் பேக்கேஜ் பவர் வாட்டும்.

இனிக் கணக்கு. ப்ராசசர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வாட்டால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கற்பனை எண்: அறை 32, ப்ராசசர் 78, இழுத்தது 115 வாட். வேறுபாடு 46, 46ஐ 115ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.4 டிகிரி. நாளை அறை 36ஆக இருந்தாலும், அதே வாட்டிலும் அதே சுற்று வேகத்திலும் இந்த 0.4 ஏறக்குறைய மாறாமல் நிற்கும். ப்ராசசர் மட்டும் 82ஐ ஒட்டி வரும். சித்திரையில் என்ன ஆகும் என்று கார்த்திகையிலேயே முன்கூட்டிச் சொல்ல இந்த ஒரு வகுத்தல் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணில் ப்ராசசரின் உள்தடையும் கலந்திருக்கிறது. ரைசன் 7000இன் கணிப்புச் சில்லு 70 சதுர மில்லிமீட்டரை ஒட்டியது, அதன் மேல் மூடியும் தடித்தது; அதனால் அதே கூலரில் அது இன்டெல் ப்ராசசரை விட அதிக எண் காட்டும். ஒரே ப்ராசசரில் இரு கூலர்களை ஒப்பிடத்தான் இந்த எண் உதவும். நண்பரின் வேறு ப்ராசசரோடு ஒப்பிட உதவாது.

ஆறாம் படி: எண்களைப் படிப்பது

மூன்று ஓட்டங்களின் எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1300 சுற்றிலிருந்து முழு வேகத்துக்குப் போனபோது இரண்டு டிகிரிதான் குறைந்தது என்றால், தடை தகடுகளிலோ காற்றிலோ இல்லை. வெப்பம் அதற்கு முன்பே, சில்லிலோ பேஸ்ட்டிலோ அடிப்பகுதியிலோ, தேங்கி நிற்கிறது. மொத்த எண்ணும் எதிர்பார்த்ததை விட மோசமாக இருந்தால் கூலரைக் கழற்றிப் பேஸ்ட் பரவிய தடத்தைப் பாருங்கள். மெல்லிய படலமாக எல்லா இடத்திலும் பரவியிருக்க வேண்டும். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் இருந்தால் திருகு சமமாக முறுக்கப்படவில்லை. எல்ஜிஏ1700 ப்ராசசர்களில் சாக்கெட்டின் பூட்டு அழுத்துவதால் மூடியே சற்று வளைந்து, நடுவில் தொடர்பு குறைவதும் உண்டு. ஆர்க்டிக் ஃப்ரீசர் 36 போன்ற சில கூலர்கள் இதற்காகவே தனிச் சட்டத்தோடு வருகின்றன.

மாறாக, 1000 சுற்றிலிருந்து முழு வேகத்துக்குப் போகும்போது பத்து டிகிரிக்கு மேல் குறைகிறது என்றால், தகடுகளின் பரப்பு இந்த வாட்டுக்குச் சிறியது. அல்லது கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை. இரண்டில் எது என்று பிரித்தறிவது எளிது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே ஓட்டத்தை மறுபடி செய்யுங்கள். ஐந்தாறு டிகிரி குறைந்தால் கோளாறு கேபினட்டில். இன்னும் விலை உயர்ந்த கூலர் வாங்குவதற்குப் பதிலாக முன்பக்கம் ஒரு ஃபேன் கூட்டினால் அதிகம் கிடைக்கும். கேபினட்டின் முன்பக்கம் முழுதும் கண்ணாடியாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் விடை.

கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 200 வாட் இழுக்கும் கார்டு பெரும்பாலும் தன் சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுவதால், கூலர் உள்ளிழுக்கும் காற்றே அறையை விடப் பல டிகிரி சூடாகிவிடும். இரண்டு ஓட்டங்களுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால் அதுவும் கேபினட்டைக் குறித்த செய்திதான்.

மதிப்பீடுகளில் அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பெட்டிக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால், சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சீராக்கிப் பாகங்களுக்கும் கொஞ்சம் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. டவர் கூலரின் காற்று போர்டுக்கு இணையாகப் போகிறது. மின்சீராக்கியின் மேல் உலோகக் கவசம் இல்லாத மலிவு போர்டுகளில், ப்ராசசர் குளிர்ந்து இந்தப் பாகங்கள் சூடாவது நடக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் இந்த மின்சீராக்கியைக் குறிக்கும் விஆர்எம் வெப்பம் என்ற வரி உங்கள் போர்டில் இருந்தால், பழைய கூலரில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓர் அளவீட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே கூலரை ஒரே கையால் இருமுறை மாட்டினாலும் இரண்டு மூன்று டிகிரி வேறுபடலாம். இரு கூலர்களுக்கு இடையே நீங்கள் கண்ட வேறுபாடு அதே அளவுதான் என்றால் இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டு, விலையையும் சத்தத்தையும் பார்த்து முடிவெடுக்கலாம்.

சத்தம்

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காற்றோட்டமோ பாதியாகத்தான் குறையும். மலிவுக் கூலரிலும் நல்ல அமைதியை அடைய வழி இதுதான். கைப்பேசி செயலிகளின் டெசிபல் எண்கள் தம்மளவில் நம்பத்தக்கவை அல்ல என்றாலும், அதே கைப்பேசியை அதே இடத்தில் வைத்து இரு வேகங்களை ஒப்பிட அவை போதும். இரவில், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி வைத்துக் கேளுங்கள். நம் வீடுகளில் ஆண்டில் பத்து மாதம் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க, 1300 சுற்றில் ஓடும் 120 மில்லிமீட்டர் ஃபேன் காதுக்கே எட்டாது என்பது வேறு விஷயம். மைக் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்களுக்கும் ஏசி அறையில் தூங்குகிறவர்களுக்கும்தான் இது பெரிய கணக்கு.

எண்ணை விட முக்கியம் சத்தத்தின் தன்மை. வேகத்தைக் கீழிருந்து மேலே மெல்ல ஏற்றி, எந்த இடத்தில் ரீங்காரம் எழுகிறது என்று குறித்துக்கொண்டு, ஃபேன் வளைவில் அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்படி அமைத்துவிடலாம். குறைந்த வேகத்தில் டிக் டிக் என்றோ கரகரவென்றோ ஒலித்தால் அது பேரிங் கோளாறு; திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டாலும் தகடுகளும் குழாய்களும் சேர்ந்த ஹீட்சிங்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 120 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஃபேன் பொது அளவு என்பதால், ஃபேனை மட்டும் வாங்கி அதே கம்பிக் கிளிப்பில் மாட்டிவிடலாம்.

அளவீடு முடிந்ததும் நேர்கோடாக்கிய ஃபேன் வளைவை மறக்காமல் மாற்றுங்கள்: 50 டிகிரி வரை மிகக் குறைந்த வேகம், அதன்பின் படிப்படியாக ஏறி, உங்கள் மூன்று ஓட்டங்களில் எந்த வேகத்துக்கு மேல் பயனில்லை என்று கண்டீர்களோ அந்த வேகத்தில் நிற்கும்படி அமைத்தால் போதும். குறிப்பேட்டில் வாட்டுக்கு எத்தனை டிகிரி என்ற எண்ணைத் தேதியோடு எழுதி, கேபினட்டின் உட்புறத்தில் ஒரு துண்டுச் சீட்டாகவும் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 1300 சுற்று ஓட்டத்தை மட்டும் மறுபடி செய்து, 0.4ஆக இருந்தது 0.45ஐத் தாண்டியிருந்தால், முதலில் ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு தகடுகளுக்கு இடையே உள்ள தூசியை ஊதி எடுத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பழைய எண் திரும்பி வராவிட்டால் மட்டும் கூலரைக் கழற்றிப் பேஸ்ட்டை மாற்றுங்கள்.